துறைமுகம் வைத்த பெயரும் வயல் வைத்த பெயரும்
ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு திராட்சைப் பயணம்

ராயபுரம் மேம்பாலத்தை விட்டு இறங்கிக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் கண்டெய்னர் லாரிகளின் வரிசை தொடங்கிவிடும். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போகும் சுமார் 15 கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆலைகள், நடுவில் லாரிகள். வயலோ வரப்போ கண்ணில் படாத இடம் இது. ஆனாலும் தமிழ்நாட்டு விவசாயி வாயில் புழங்கும் பயிர்ப் பெயர்களில் பல, இப்படிப்பட்ட துறைமுக ஊர்களில் பிறந்தவைதான்.

ராயபுரத்தில் நிற்கும் ஒரு பழவண்டியைப் பார்த்தாலே இது புரியும். சாத்துக்குடியை மும்பைக்காரர்கள் மொசம்பி என்பார்கள். ஆப்பிரிக்கக் கரையில் உள்ள மொசாம்பிக்கின் பெயர் அது. ஆந்திராவில் அதே பழ வகைக்கு பத்தாயி என்று பெயர். இன்று ஜகார்த்தா என்று அழைக்கப்படும் துறைமுகத்துக்கு டச்சுக்காரர்கள் வைத்திருந்த பழைய பெயரான பட்டாவியா தேய்ந்து அப்படி ஆனது. பம்பளிமாஸ் என்பது அந்த டச்சுக்காரர்கள் பேசிய சொல்லேதான். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பதன் சுருக்கம் அது. நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. மணிலா, பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுகம். வழியில் நின்ற ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது, பிறந்த ஊரின் பெயர் மறந்துபோனது.

வண்டியில் கருநீலமாகக் குவிந்திருக்கும் திராட்சைக்கு வருவோம். வண்டிக்காரர் அதைப் பன்னீர் திராட்சை என்று கூவுகிறார். தோட்டக்கலைத் துறையின் தாள்களில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் அதற்குக் குலாபி என்று பெயர். மூன்று பெயர், ஒரே கொடி. இது தெரியாமல் புது ரகம் என்று நினைத்து வெளி மாநிலத்துக் குலாபிக் குச்சியைப் பணம் கொடுத்து வாங்கி நட்டால், பந்தல் போட்டு, ஒன்றரை வருஷம் காத்திருந்து, கடைசியில் பக்கத்துத் தோட்டத்தில் ஏற்கெனவே காய்க்கும் அதே பன்னீரைத்தான் பறிக்க வேண்டியிருக்கும். பெயரைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் அந்தப் பணம் மிஞ்சும்.

ராயப்பர் ஊரும் ஹாம்பர்க் துறைமுகமும்

கிறிஸ்தவர்கள் பேதுருவைத் தமிழில் ராயப்பர் என்று அழைப்பார்கள். அந்தப் பெயரில் எழுந்ததே ராயபுரம். இங்குள்ள புனித ராயப்பர் தேவாலயம் படகோட்டிகள் கட்டியது. சென்னைக்குச் சரியான துறைமுகம் இல்லாத காலத்தில், கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலா படகில் கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. 1875-இல்தான் துறைமுக வேலை தொடங்கியது. 1881-இல் புயல் அடித்து, கட்டியதில் பெரும் பகுதியைக் கொண்டுபோயிற்று. மறுபடியும் கட்டினார்கள்.

அதற்கு முன்பே, 1856-இல், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிவிட்டது. கப்பலில் வந்தது உள்நாட்டுக்குப் போகவும், உள்நாட்டில் விளைந்தது கப்பலேறவும் வழி திறந்த இடம் இந்த ராயபுரம்.

லண்டன் நகரத்திலும் இப்படி ஒரு ராயபுரம் உண்டு. தேம்ஸ் ஆற்றங்கரையில் கப்பல் கட்டுவதும் சரக்கு இறக்குவதுமாக இருந்த ரோதர்ஹித் என்ற பகுதி அது. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் வார்னர் என்ற வியாபாரி அங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து வந்த ஒரு கறுப்புத் திராட்சைக் கொடியை அவர் வளர்த்துப் பரப்பினார். வந்த துறைமுகத்தின் பெயரை வைத்து அதைக் கறுப்பு ஹாம்பர்க் என்றார்கள். ஹாம்பர்க் பக்கத்தில் விளைந்த கொடியல்ல அது. அங்கே குளிர் அதிகம். அதன் சொந்த ஊர் ஆல்ப்ஸ் மலையின் தென் சரிவு. இத்தாலிக்காரர்கள் அதை ஸ்கியாவா என்பார்கள். ஜெர்மனியில் அதன் பெயர் டிரோலிங்கர், அதாவது டிரோல் மலைநாட்டுக்காரன். ஒரே கொடிக்கு மலையில் ஒரு பெயர், துறைமுகத்தில் ஒரு பெயர்.

இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்ட கறுப்பு ஹாம்பர்க் கொடி ஒன்று இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது. 250 வருஷத்தைத் தாண்டிய கொடி. கம்பத்தில் பந்தல் போட்டிருப்பவர்களுக்கு அந்தக் கொடி ஒருவகையில் பெரியப்பா வீடு. எப்படி என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் சீவார்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் 1850 வாக்கில் இரண்டு திராட்சைகளைக் கலந்து புது ரகம் உண்டாக்கினார். ஒன்று கறுப்பு ஹாம்பர்க். இன்னொன்று அலெக்சாந்திரியா மஸ்கட் என்னும் வெள்ளை ரகம். அலெக்சாந்திரியா எகிப்து நாட்டின் துறைமுகம். பிறந்த பிள்ளைக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயரிட்டார்கள். நிறம் ஒரு பக்கத்திலிருந்தும் மணம் மறு பக்கத்திலிருந்தும் வந்தது. இந்தப் பிறப்பைப் பிற்காலத்து மரபணுச் சோதனையும் உறுதி செய்துவிட்டது. ஆக, நம் பன்னீர் திராட்சையின் தாய் தகப்பன் இருவருமே துறைமுகப் பெயரைச் சுமந்தவர்கள்.

வளைகுடா மஸ்கட்டுக்குச் சம்பந்தமில்லை

பலருக்கும் இங்கே ஒரு சந்தேகம் வரும். ஓமன் நாட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் இல்லாத ஊரே தமிழ்நாட்டில் குறைவு. அந்த மஸ்கட்டிலிருந்து வந்த திராட்சை என்று நினைப்பது இயல்பு. அது அப்படியல்ல. கஸ்தூரிக்குப் பாரசீகத்தில் முஷ்க் என்று பெயர். அந்தச் சொல் லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. கஸ்தூரி போல் மணக்கும் திராட்சைக் குடும்பத்துக்கு மஸ்கட் என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இந்தக் குடும்பத்தில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று பல ரகங்கள் உண்டு. ஐரோப்பாவில் ஒயினுக்கும், பழமாகத் தின்னவும் இவற்றை வளர்க்கிறார்கள்.

அந்த மஸ்கட் ஹாம்பர்க் நம் ஊர்களுக்கு வந்தபோது விவசாயிகள் ஹாம்பர்க்கைத் தள்ளிவிட்டு மணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பன்னீர் என்றார்கள். பனி நீர் என்பதே பன்னீர். ரோஜாப்பூவை வடித்து எடுக்கும் நீர். கன்னட, தெலுங்கு நாட்டில் குலாபி என்றார்கள். குல் என்றால் பாரசீகத்தில் ரோஜா, ஆப் என்றால் நீர். குலாப் என்றாலும் பன்னீர்தான். கம்பத்தாரும் கர்நாடகத்தாரும் வேறு வேறு மொழியில் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். அவரவர் மூக்குக்கு எட்டிய மணம் ஒன்று.

வயல் வைக்கும் பெயருக்கும் துறைமுகம் வைக்கும் பெயருக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது. வயலில் வைக்கும் பெயர் குணத்தைச் சொல்லும். அறுபதாம் குறுவை என்றால் எத்தனை நாளில் அறுப்போம் என்று பெயரே சொல்லிவிடுகிறது. கருங்குறுவை நிறத்தைச் சொல்கிறது. ஐரோப்பிய ஒயின் திராட்சைகளிலும் வயல் பெயர்கள் உண்டு. பினோ என்பது பைன் மரத்தின் காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குலை அந்தக் காயைப் போல இறுக்கமாக, சிறியதாக இருக்கும். மெர்லோ என்பதில் இருப்பது கறுப்பு நிறப் பறவை ஒன்றின் பெயர். சோவினியோன் என்பதில் இருப்பது காட்டுச்செடி என்னும் பொருள். துறைமுகத்தில் வைக்கும் பெயரோ எந்தக் கப்பலில், எந்தத் துறையிலிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லும். செடியின் குணம் பற்றி ஒன்றும் சொல்லாது.

தண்டையார்பேட்டை: நல்ல கதை, சேராத தேதி

ராயபுரத்தைத் தாண்டினால் தண்டையார்பேட்டை. இந்தப் பெயருக்கு ஒரு அழகான கதை சொல்வார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள தொண்டியின் பக்கத்திலிருந்து வந்து இங்கே தவம் இருந்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தமிழில் ஞானப் பாடல்கள் பாடிய பெரியவர். தொண்டியிலிருந்து வந்ததால் மக்கள் அவரைத் தொண்டியார் என்றார்கள், அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை ஆகி, பிறகு தண்டையார்பேட்டை ஆனது என்பது கதை.

மஸ்தான் சாகிபு பிறந்தது 1792-இல். ஆங்கிலேயக் கம்பெனி எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டைக் கிராமத்தையும் பெற்றது 1693-இல். அவர் பிறப்பதற்கு 99 வருஷம் முன்பே ஊர் பதிவேட்டில் இருந்திருக்கிறது. அந்தப் பெரியவர் மேல் மக்களுக்கு இருக்கும் மதிப்பு இதனால் குறையாது. ஊரின் பெயர் மட்டும் அவரால் வந்திருக்க முடியாது.

ஒயின் உலகத்தில் இதே போன்ற கதை ஒன்று நெடுநாள் நின்றது. ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சையிலிருந்து உலகமெங்கும் ஒயின் எடுக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கமும் அது பயிராகிறது. ஈரானில் ஷிராஸ் என்ற புகழ் பெற்ற நகரம் இருப்பதால், கொடி அங்கிருந்து வந்தது என்று புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். சிலுவைப் போர் வீரர் ஒருவர் கொண்டுவந்தார் என்றும் சொன்னார்கள். 1990-களின் இறுதியில் அமெரிக்க, பிரெஞ்சு விஞ்ஞானிகள் மரபணுவைச் சோதித்தபோது உண்மை தெரிந்தது. அதன் பெற்றோர் துரேசா, மொந்தூஸ் பிளான்ஷ் என்னும் இரண்டு ரகங்கள். இரண்டும் தென்கிழக்கு பிரான்சின் சாதாரணக் கொடிகள். ஷிராஸ் நகரத்துக்கும் அதற்கும் ரத்த சம்பந்தம் இல்லை. கேபர்னே சோவினியோன் என்ற பெயர் பெற்ற ஒயின் ரகமும், கேபர்னே பிராங், சோவினியோன் பிளாங் என்ற இரண்டும் தற்செயலாகக் கலந்து பிறந்த பிள்ளை என்று 1997-இல் வெளியிட்டார்கள். அங்கே மட்டும் பெயர் பொய் சொல்லவில்லை. இரண்டு பெற்றோரின் பெயரும் பிள்ளையின் பெயரிலேயே இருக்கிறது.

கம்பத்துத் திராட்சைக்கும் இந்தத் தேதிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லி வருகிறார்கள். மஸ்கட் ஹாம்பர்க் ரகம் இங்கிலாந்தில் பிறந்ததே 1850 வாக்கில்தான். பாதிரியார் கொண்டுவந்தது திராட்சையாக இருக்கலாம், இன்று பந்தலில் தொங்கும் இந்த ரகமாக இருக்க முடியாது. திராட்சை வளர்ப்பை அவர் தொடங்கிவைக்க, பின்னால் வந்த நல்ல ரகம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று வைத்தால் கதையும் தேதியும் ஒத்துப்போகும்.

திருவொற்றியூர்: ஒற்றி வைத்ததை மீட்பது

அடுத்து திருவொற்றியூர். வடிவுடையம்மன் கோயில், சுந்தரர் சங்கிலியாரை மணந்த மகிழமரம் என்று பெயர் பெற்ற ஊர். ஊழி வெள்ளத்தை ஒற்றி, அதாவது விலக்கி நிறுத்தியதால் ஒற்றியூர் என்று தலபுராணம் சொல்லும். ஒற்றி என்ற சொல்லுக்கு விவசாயி அறிந்த பொருள் வேறு. நிலத்தை ஒத்திக்கு வைப்பது, பிறகு பணம் கட்டி மீட்பது.

இங்கே கடற்கரையோரம் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வியாபாரம் செய்த செல்வர், எல்லாவற்றையும் துறந்து ஊர் ஊராகப் போனார். கையில் இருக்கும் பேய்க்கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கே முடிவு என்பது அவருக்குக் கிடைத்த சொல். அது திருவொற்றியூரில் இனித்தது என்பார்கள். கரும்பின் அடி இனிக்கும், நுனி சப்பென்றிருக்கும் என்பது எந்தக் கரும்பு விவசாயிக்கும் தெரியும். அதனால்தான் நுனி இனித்தது அதிசயம். அவருடைய பெயரையும் கவனிக்கலாம். பட்டினம் என்றால் துறைமுக நகரம். வீட்டில் வைத்த பெயரை விட்டுவிட்டு, துறைமுகத்தின் பெயராலேயே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

பயிர்ப் பெயர்களும் ஒருவகையில் ஒற்றிக்குப் போனவைதான். விளைவித்தவன் ஒருவன், பெயர் வைத்து விற்றவன் வேறொருவன். விதையில்லாப் பச்சைத் திராட்சையை எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆசியாவில் சுல்தானா, கிஷ்மிஷ் என்று நூற்றாண்டுகளாக வளர்ந்த கொடி அது. 1870-களில் கலிபோர்னியாவில் வில்லியம் தாம்சன் என்பவர் பயிரிட்டுப் பரப்பியதால் தாம்சன் சீட்லெஸ் ஆகிவிட்டது. ஆனால் பெயர் திரும்பவும் வயலுக்கு வரும் என்பதற்கும் அதே கொடி சாட்சி. மகாராஷ்டிர விவசாயிகள் தங்கள் தாம்சன் தோட்டங்களில் மாறுதலாகத் தெரிந்த கொடிகளைத் தேர்ந்தெடுத்துத் தனி ரகமாக்கினார்கள். தாஸ்-ஏ-கணேஷ் அப்படி வந்தது. அதில் உள்ள தாஸ், சாங்லி மாவட்டத்துத் தாஸ்காவ் ஊர். ஹைதராபாத்தில் பெயர் பெற்ற அனாப்-இ-ஷாஹியில், அனாப் என்றால் திராட்சை, ஷாஹி என்றால் ராஜாவுக்குரியது.

தமிழ்நாட்டில் அப்படி மீட்ட பெயர் கம்பம் பன்னீர் திராட்சை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி போன்ற ஊர்களில் விளையும் இந்தத் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவு செய்யும் அலுவலகம் இதே சென்னையில், கிண்டியில் இருக்கிறது. இந்தியா முழுவதற்கும் அது ஒன்றுதான். இரண்டு துறைமுகங்களின் பெயரைச் சுமந்து வந்த கொடிக்கு, கடைசியில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊரின் பெயர் சட்டப்படி சேர்ந்திருக்கிறது.

மணலி, எண்ணூர்: மூட்டையின் மேலும் பெயர்கள்

திருவொற்றியூருக்கு மேற்கே மணலி. 1970-களின் தொடக்கத்திலிருந்து இங்குள்ள உர ஆலையின் விஜய் மூட்டை தென்னிந்திய விவசாயிகளுக்குப் பழக்கம். வடக்கே எண்ணூரிலும் உர ஆலை உண்டு. இந்தியாவுக்குத் தேவையான பொட்டாஷ் ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வருகிறது. அந்தப் பெயரைப் பிரித்தால், பாட் என்பது பானை, ஆஷ் என்பது சாம்பல். மரச் சாம்பலைக் கரைத்து, அந்த நீரைப் பானையில் காய்ச்சி எடுத்த உப்பு என்பதால் டச்சுக்காரர்கள் வைத்த பெயர். கீரைப் பாத்தியில் அடுப்புச் சாம்பல் தூவிய நம் பாட்டிமார்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள்.

திராட்சைக்காரர் யாரும் மறக்க முடியாத இன்னொரு துறைமுகப் பெயர் போர்டோ. பிரான்சின் ஒயின் கப்பலேறும் ஊர் போர்டோ. 1878-இல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கொடிகளோடு அடிச்சாம்பல் நோயும் பிரான்சுக்குள் நுழைந்தது. 1882-இல் போர்டோ பல்கலைக்கழகத்தின் மில்லார்தே என்ற பேராசிரியர், சாலையோரத் திராட்சைக் கொடிகள் மட்டும் நோயில்லாமல் இருப்பதைக் கவனித்தார். வழிப்போக்கர் பழத்தைத் திருடாமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து இலை மேல் தெளித்து வைத்திருந்தார்கள். திருடனுக்கு வைத்தது நோய்க்கு மருந்தானது. 1885-இல் அவர் அதை முறைப்படுத்தி வெளியிட்டார். போர்டோ கலவை பிறந்தது அப்படி.

துறைமுகத்தில் பெயர் மட்டும் இறங்குவதில்லை, நோயும் இறங்கும் என்பது இதில் உள்ள பாடம். அதனால்தான் வெளிநாட்டுச் செடி, குச்சி, விதை எதுவும் 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் நோயற்றது என்ற சான்றும் இல்லாமல் உள்ளே வரக்கூடாது. சென்னையில் இதற்கான மத்திய அரசு நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரும் இரண்டு குச்சி ஒரு பள்ளத்தாக்கையே பாழாக்கப் போதும்.

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேர்கிறது. 2001 முதல் இயங்கும் காமராஜர் துறைமுகமும், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் இங்கே இருக்கின்றன. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய்க்கு முதலில் கொக்ரேன் கால்வாய் என்று பெயர். பிறகு அதை வடக்கேயும் தெற்கேயும் நீட்டினார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், கூலி வேலைக்கு வந்த மக்கள் நடுத்துண்டை வெட்டி இணைத்த பின், அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. மண்ணைச் சுமந்தவர்களின் பெயர் அதில் எங்கும் இல்லை.

நாற்று வாங்கும்போது கேட்க வேண்டியவை

திராட்சைப் பந்தலுக்கு ஏக்கருக்குப் பல லட்சம் செலவாகிறது. நட்ட கொடி பத்து, பதினைந்து வருஷம் நிற்கும். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, ரகத்தின் அதிகாரப்பூர்வப் பெயர். பன்னீர் என்றால் மஸ்கட் ஹாம்பர்க்தானா என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும். இரண்டு, ஒட்டுச்செடி என்றால் வேர்ச்செடியின் பெயர். உப்புநீர், வறட்சி, நூற்புழு இருக்கும் நிலங்களில் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியைப் பரிந்துரைக்கிறார்கள். டாக் என்றால் நாய்தான், ஆனால் இது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அந்தக் காட்டுத் திராட்சை கிடைத்த ஒரு மேட்டு நிலத்தின் பெயர். மூன்று, குச்சி வெட்டிய தாய்த்தோட்டம். முடிந்தால் நேரில் போய், காய்ப்பில் இருக்கும்போது பார்த்து, பழத்தைத் தின்று பார்த்துவிட வேண்டும். மரபணுச் சோதனை இல்லாத இடத்தில் நாக்கும் மூக்கும் ஓரளவு உதவும். பன்னீர் மணம் இல்லாத கொடி பன்னீர் திராட்சை அல்ல.

வாசகர் கேள்விகள்

*திண்டுக்கல் அல்லது கோவையில் விளையும் பன்னீர் திராட்சையைக் கம்பம் பன்னீர் திராட்சை என்று விற்கலாமா?*

கூடாது. ரகத்தை எங்கும் பயிரிடலாம், பன்னீர் திராட்சை என்று விற்கலாம். கம்பம் என்ற ஊர்ப் பெயரோடு சேர்ந்த பெயர், குறியீட்டில் சொன்ன எல்லைக்குள் விளைந்ததற்கு மட்டும் உரியது. எல்லைக்குள் இருப்பவர்கள் கிண்டி அலுவலகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டால்தான், பெயரை வேறு ஒருவர் தவறாகப் பயன்படுத்தும்போது சட்டப்படி கேட்கும் பலம் கிடைக்கும்.

*எங்கள் தோட்டத்தில் ஒரு கொடி மட்டும் வேறு மாதிரி காய்க்கிறது. அதற்கு நாங்களே பெயர் வைக்கலாமா?*

வைக்கலாம். மகாராஷ்டிரத்து விவசாயிகள் அப்படித்தான் செய்தார்கள். முதலில் அந்தக் கொடியிலிருந்து குச்சி எடுத்து நட்டு, மாறுதல் அடுத்த கொடியிலும் வருகிறதா என்று இரண்டு, மூன்று காய்ப்புக்குக் குறித்துவையுங்கள். நிலையாக இருந்தால் வேளாண் பல்கலைக்கழகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தில் விவசாயி ரகத்தைப் பதிவு செய்யலாம். அதற்குப் பதிவுக் கட்டணம் இல்லை. பதிவுக்கு முன் குச்சியை வியாபாரியிடம் கொடுத்துவிட்டால், பெயர் அவருடையதாகிவிடும்.

*போர்டோ கலவையை வீட்டிலேயே தயாரிப்பது எப்படி?*

ஒரு சதக் கலவைக்கு, 1 கிலோ மயில்துத்தத்தைத் தூளாக்கி 50 லிட்டர் நீரில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கரையுங்கள். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு தொட்டியில் நீரூற்றி நீற்றி, 50 லிட்டராக்கி வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக்கொண்டே மரக்கட்டையால் கலக்குங்கள். சுத்தமான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் அதில் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேருங்கள். இரும்புப் பாத்திரம் வேண்டாம். அன்று தயாரித்ததை அன்றே தெளித்துவிட வேண்டும்.